ஏறும்போது ஒன்று, இறங்கும்போது ஒன்று

காலை ஐந்தேகால். கம்பம்மெட்டு விலக்கு.
எட்டுப் பேர் ஏறவேண்டிய ஜீப்பில்
பதினாறாவது ஆளாக ஏறினார் ஷீபா குரியன்,
கோட்டயத்தில் பேராசிரியர்.
மடியில் என் தூக்குவாளி,
தூக்குவாளி மேல் அவருடைய கேள்வித்தாள்.

தினமும் எத்தனை மணி நேரம் வேலை?
எட்டு என்றாள் ஒச்சம்மா.
ஒன்பது என்றாள் விருமாயி,
கங்காணி கடிகாரத்தை நம்பாதவள்.
"இந்த ஜீப்பு எந்தக் கணக்குல வரும்?"
பின்னாலிருந்து யாரோ.
தாளில் பதினாலு கட்டங்கள்.
ஜீப்புக்கு ஒன்றும் இல்லை.
தாளைத் திருப்பி
வெற்றுப் பக்கத்தில் ஒரு கட்டம் வரைந்தார்.
வளைவில் அது
மிதிபட்ட தீப்பெட்டி மாதிரி வந்தது.
சங்கத்துக்கும் அவருக்கும் ஒப்பந்தம்
அங்கேதான் ஆனது என்பேன்.
முத்திரைத்தாள் எல்லாம் பிறகு, மார்ச்சில்.

எங்களுக்குத் தெரியவேண்டியது ஒன்றே ஒன்று:
மருந்தடித்த மறுநாள்
ஏலக்காய் எடுக்கிற கை ஏன் நடுங்குகிறது?
குளிர் என்றார் தோட்டத்து டாக்டர்.
ரத்தம் எடுத்துப் பார்க்கலாம் என்றார் ஷீபா.
ரத்தம் வேண்டாம் என்றோம்.
ஆறு வருசத்துக்கு முன் எடுத்துப்போனவர்கள்
இன்னும் முடிவு சொல்லவில்லை.
என் ரத்தம் எந்த ஊர் ஃபிரிட்ஜில் இருக்கிறதோ.

யோசனை சொன்னவள் ஜெயக்கொடி.
அவளுக்கு எழுத வருவது
தன் பெயர் மட்டும்.
"ஏறும்போது ஒரு கையெழுத்து,
இறங்கும்போது ஒரு கையெழுத்து.
கை நடுங்கினா எழுத்து சொல்லாதா?"
ஷீபா தமிழை மறந்து
"அது கொள்ளாம்" என்றார்.

சாலை நடுக்கத்தை எப்படிக் கழிப்பது?
ஒரு ஞாயிற்றுக்கிழமை
டிரைவர் பவுன்ராஜைப் பிடித்து
வேலையில்லாமலே மலை ஏறி இறங்கினோம்.
மெட்டில் பழம்பொரி,
பல்கலைக்கழக நிதியில்.
ரசீது கேட்டதற்குக் கடைக்காரர்
எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

நாற்பது நாள். முப்பத்தொரு பேர்.
புதன்தோறும் ஏதாவது ஒரு சரிவில் மருந்து.
வியாழன் சாயங்காலம்
ஜெயக்கொடியின் கடைசி எழுத்து
சுழி நிற்காமல் ஓடி
பக்கத்துப் பெயரில் போய் ஏறியிருக்கும்.
அங்கே இருப்பது என் பெயர்.

கட்டுரை அச்சுக்குப் போகும் முன்
வாசித்துக் காட்டினார்.
நாங்கள் அதில் பி-1 முதல் பி-31.
பெயர் தெரிந்தால்
எந்த ஜீப்பும் ஏற்றாது என்று
அறநெறிக் குழு சொன்னதாம்.
நியாயம்தான்.
ஆனாலும் நாங்கள் கொடுத்ததே பெயர்தானே?
லீவு போக
இரண்டாயிரத்து இருநூற்றுச் சொச்சம் தடவை.

சங்கக் கூட்டத்தில் சண்டை.
"போட்டாத்தான் ஆச்சு" என்றாள் விருமாயி.
ஒச்சம்மாவுக்கு இரண்டு பெண்கள், குழுக்கடன்;
அவள் எதுவும் சொல்லாமல் எழுந்து
வாசல்வரை போய்த் திரும்பி வந்தாள்.
"நீங்க சொல்லுங்க" என்று ஷீபாவைப் பார்த்தோம்.
"என் பேர் இருக்கு.
அதால எனக்குச் சம்பளம் குறையாது.
எனக்கு இதில ஓட்டு இல்லை."
பதினேழுக்குப் பதினாலு.
பெயர் வேண்டாம் என்று முடிந்தது.
நான் எந்தப் பக்கம் கை தூக்கினேன் என்பதை
இங்கே எழுதப்போவதில்லை.

ஆசிரியர் வரிசையில் முதலில் சங்கம்,
அடுத்து ஷீபா குரியன்.
சங்கத்துக்குக் கட்டிடம் கிடையாது.
முகவரி: ஜீப் ஸ்டாண்டு டீக்கடை.
இரண்டு கடிதங்கள் வந்துவிட்டன அங்கே.
ஒன்றின் மேல் டீ கொட்டியிருந்தது.

'மேலும் ஆய்வு தேவை' என்று
முடிகிறது கட்டுரை.
மேலும் என்றால்
மறுபடி ஐந்தேகால்தான்.
இப்போது ஜீப்பில் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை.
"இருபத்தாறு, கொஞ்சம் தள்ளி உக்காரு"
என்கிறாள் ஒன்பது.
எல்லோரும் சிரிக்கிறார்கள்.
தள்ளி உட்கார்ந்து
நோட்டை வாங்கி
ஏறும்போதுக்கான கையெழுத்தைப் போடுகிறேன்.
நேராக வருகிறது.

இன்று வியாழன்.